பாதி பாதி காசு போட்டு வாங்குன கேம், இப்ப யாருக்கு?

கேள்வி: மேடம், எனக்கு வயசு 27, வீடு ஆதம்பாக்கம், ஓஎம்ஆர்ல ஐடி வேலை. 2021ல பிஎஸ்5 கேம் கன்சோல், டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் எடிஷன் வாங்கினேன், காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தனும் அதே மாடல் வாங்குனான். அப்ப இருந்து எல்லா கேமும் என் அக்கவுண்ட்லதான் வாங்குவோம், காசு பாதி பாதி. அவன் கன்சோல்ல என் அக்கவுண்ட்டை போட்டு ஷேரிங் ஆன் பண்ணி வெச்சிட்டேன், ரெண்டு பேரும் ஆடுவோம். இதுவரைக்கும் 14 கேம், மொத்தம் 37,600 ரூபா. ஜனவரில அவன் வேலை மாறி கன்சோலோட பெங்களூரு போயிட்டான். மே லீவுக்கு அவன் சித்தி பையன் அங்க போயிருக்கான், 15 வயசு. என் ப்ரொஃபைல்ல புகுந்து வாலட்ல இருந்த 4,800 ரூபாய ஃபுட்பால் கேம் பாயிண்ட்ஸ் வாங்கியே காலி பண்ணிட்டான், அது பத்தாதுன்னு வாய்ஸ் சாட்ல யாரையோ கெட்ட வார்த்தைல திட்டி என் அக்கவுண்ட் ஒரு வாரம் சஸ்பெண்ட். கேட்டா "சின்ன பையன்டா, விடுடா"ங்கறான். கோவத்துல "உன்னை கட் பண்ணிடுவேன்"னு சொல்லிட்டேன். "அப்ப என் 18,800ஐ எடுத்து வை, இல்லன்னா அக்கவுண்ட் ஆறு மாசம் உங்கிட்ட ஆறு மாசம் எங்கிட்ட"ன்னு நிக்கறான். போலீஸ்ல குடுக்கலாமா? நான் காசு திருப்பி தரணுமா? இனிமே ஃப்ரெண்டுக்கு கேம் குடுக்கணும்னா எப்படித்தான் குடுக்கறது? பி.கு: பிஎஸ் ப்ளஸ் சந்தா அடுத்த மாசம் 11ம் தேதி ரின்யூவல், அதுலயும் பாதி அவன்தான் தருவான்.

பதில்: தம்பி, மூணு கேள்வி கேட்டிருக்கீங்க, ஆனா நான் நீங்க கேக்காத நாலாவதுல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுக்கு பதில் தெரிஞ்சா மத்த மூணும் பாதி தானா அடங்கிடும். அந்த 14 கேமும் யாருது?

உங்களுதும் கிடையாது, அவனுதும் கிடையாது. நீங்க ரெண்டு பேரும் சேந்து 37,600 ரூபா குடுத்து வாங்குனது "ஆடிக்கலாம்"ங்கற அனுமதி மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு அக்கவுண்ட் பேருல. அந்த அக்கவுண்ட்டை விக்கக்கூடாது, இன்னொருத்தர் பேருக்கு மாத்தக்கூடாதுன்னு நாம படிக்காமயே "ஒத்துக்கறேன்" அமுக்கற கண்டிஷன்ல இருக்கும். இத கடைக்காரங்க இப்பதான் வெளிப்படையா சொல்லவே ஆரம்பிச்சிருக்காங்க. கலிஃபோர்னியால 2024 செப்டம்பர்ல ஒரு சட்டம் போட்டாங்க, 2025 ஜனவரி 1ல இருந்து அமல், டிஜிட்டல் சாமானை "வாங்கு"ன்னு சொல்லி விக்கறதா இருந்தா இது லைசென்ஸ்தான்னு தெளிவா சொல்லிட்டு வில்லுங்கறாங்க. அது வர்றதுக்கு முன்னாடியே 2024 அக்டோபர்ல ஸ்டீம்ங்கற பிசி கேம் ஆன்லைன் கடைல, காசு கட்டற இடத்துலயே, நீங்க வாங்கறது லைசென்ஸ்னு ஒரு வரி வந்துடுச்சு. நம்ம ஊர்ல 2004லயே சுப்ரீம் கோர்ட் டாட்டா கன்சல்டன்சிக்கும் ஆந்திர அரசுக்கும் நடந்த கேஸ்ல, சிடில பதிஞ்சு கடைல விக்கற ரெடிமேட் சாஃப்ட்வேர் சரக்குதான், சேல்ஸ் டாக்ஸ் போடலாம்னு சொல்லிச்சு. அதாவது டிஸ்க்கா கைல வந்தா அது ஒரு பொருள், அரிசி மூட்டை மாதிரி, சைக்கிள் மாதிரி. டவுன்லோடா வந்தா உங்க கைல ஒண்ணுமே இல்ல, கதவுல பேர் எழுதி வெச்சிருக்காங்க, அவ்ளோதான்.

இதுல எனக்கு ஒரு விஷயம் சிரிப்பா இருக்கு, கோச்சுக்காதீங்க. பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரில வந்தப்ப டிஸ்க் எடிஷன் 49,990, டிஜிட்டல் 39,990. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு 10,000 மிச்சம் பிடிச்சீங்க. அன்னிக்கு டிஸ்க் மாடல் எடுத்திருந்தா இந்த லெட்டரே எனக்கு வந்திருக்காது, ஏழு டிஸ்க் உங்க வீட்டுல ஏழு டிஸ்க் அவன் வீட்டுல, சண்டை வந்தா ஒரு பையில போட்டு ஆளுக்கு ஏழு பிரிச்சிருப்பீங்க. அந்த 2021 மாடல்ல டிரைவ் தனியா வாங்கி மாட்டவும் முடியாது, அந்த வசதி 2023 கடைசில வந்த ஸ்லிம் மாடல்ல இருந்துதான்.

நான் வளந்தது மேற்கு மாம்பலம், தொண்ணூறுகள்ல எங்க தெருவுல டிவி கேம் இருந்தது மூணு வீட்டுல. பர்மா பஜார்ல வாங்குன கேசட்டு, மேல ஸ்டிக்கர்ல ஆயிரக்கணக்குல கேம்னு போட்டிருக்கும், உள்ள போனா அதே எட்டு கேம்தான் திரும்ப திரும்ப வரும். கேசட்டு கடன் குடுத்தா திரும்பி வர்றப்ப பின்னு எல்லாம் ஊதி ஊதி எச்சிலாயிருக்கும், சில சமயம் வரவே வராது. எங்க அண்ணனோட கேசட்டு ஒண்ணு எதிர்வீட்டுக்கு போனது, அவங்க வீடு காலி பண்ணி கேகே நகர் போற வரைக்கும் வரல. ஆனா பாருங்க, போனது கேசட்டு மட்டும்தான். எதிர்வீட்டு பையன் அத வெச்சுக்கிட்டு எங்கண்ணன் பாக்கெட்டுல இருந்து காசு எடுக்க முடியாது, எங்கண்ணன் பேரை சொல்லி ரோட்டுல யாரையும் திட்ட முடியாது. உங்க ஃப்ரெண்டு வீட்டுக்கு போனது கேமா? உங்க பேரு, உங்க பர்சு, உங்க வாய், மூணும் சேந்து போயிருக்கு. பையன் மூணையும் யூஸ் பண்ணிட்டான்.

2013ல இந்த கடன் குடுக்கற மேட்டர் உலக அளவுல பெரிய சண்டையாச்சு, உங்களுக்கு அப்ப ஸ்கூல் வயசு. எக்ஸ்பாக்ஸ் ஒன்ங்கற கன்சோல் வர்றப்ப மைக்ரோசாஃப்ட் ஒரு ரூல் அறிவிச்சாங்க, டிஸ்க்குல வாங்குன கேமைக்கூட ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல 30 நாளாவது இருந்த ஆளுக்குத்தான் குடுக்கலாம், அதுவும் ஒரு கேமை ஒரே ஒரு தடவைதான் குடுக்கலாம்னு. ப்ளேஸ்டேஷன் விக்கற சோனிக்காரங்க உடனே ஒரு வீடியோ விட்டாங்க, எங்க கன்சோல்ல கேம் ஷேர் பண்றது எப்படின்னு, ஒருத்தர் டிஸ்க்கை இன்னொருத்தர் கையில குடுக்கறார், அவர் தேங்க்ஸ்ங்கறார், வீடியோ முடிஞ்சது, அரை நிமிஷம்கூட இல்ல. ஜனங்க திட்டுன திட்டுல ஜூன் 19ம் தேதி மைக்ரோசாஃப்ட் ரூலை வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா அந்த பிளான்லயே குடும்பத்துல பத்து பேர் வரைக்கும் லைப்ரரியை ஷேர் பண்ணிக்கலாம்னு ஒண்ணு இருந்தது, அதுவும் சேந்து போச்சு, அதைப்பத்தி பெருசா யாரும் வருத்தப்படல. அன்னிக்கு கைதட்டுன எல்லாரும் இன்னிக்கு டிஜிட்டல்லதான் வாங்கறோம்.

சரி, போலீஸ். ஐடி சட்டம் 66சி பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, இன்னொருத்தரோட பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ நேர்மையில்லாமயோ ஏமாத்தற எண்ணத்தோடயோ யூஸ் பண்ணா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன். கூகுள்ல இது வந்திருக்கும், அதை பாத்துட்டுதான் கேக்கறீங்கன்னு நினைக்கறேன். ஆனா இன்ஸ்பெக்டர் உங்களை முதல்ல என்ன கேப்பார்? "பாஸ்வேர்டு எப்படி சார் கிடைச்சுது?" "நான்தான் சார் போட்டு குடுத்தேன்." "ப்ரொஃபைல்ல லாக் இருந்துச்சா?" "இல்ல சார்." அவ்ளோதான், பேனாவை மூடி வெச்சிடுவார். அந்தப் பையன் எதையும் உடைச்சு உள்ள போகல, திறந்திருந்த வீட்டுல நுழைஞ்சான், அதுவும் 15 வயசு, கேஸ்னு போனாலும் சிறார் சட்டத்துலதான் போகும், 4,800 ரூபாக்கு ஒரு பத்தாவது படிக்கற பையனை அங்க நிறுத்தணும்னு நீங்களே நினைக்க மாட்டீங்க. கம்பெனிகிட்ட ரீஃபண்டு கேட்டீங்களான்னு எழுதல. ப்ளேஸ்டேஷன் ஸ்டோர்ல வாங்குன பாயிண்ட்ஸ் அக்கவுண்ட்டுக்கு வந்து சேந்துட்டா பொதுவா திருப்பி தர மாட்டாங்க, பையன் அதை அன்னிக்கே செலவும் பண்ணிருப்பான், அதனால நம்பிக்கை வெக்காதீங்க, ஆனா ஒரு தடவை கேட்டு பாக்கறதுல தப்பில்ல.

சஸ்பென்ஷனுக்கும் அதே கதைதான். உங்க அக்கவுண்ட்ல யார் என்ன பண்ணாலும் அது நீங்க பண்ணதுதான். ஸ்டீம்ல இத எழுத்துலயே வெச்சிருக்காங்க, ஃபேமிலில ஒருத்தர் உங்க காப்பில ஆடி சீட் பண்ணி மாட்டுனா அந்த கேம்ல உங்களுக்கும் சேத்து தடை (பேன்) வரலாம்னு. ஒரு வாரத்தோட விட்டாங்களேன்னு நினைச்சுக்கங்க.

அடுத்தது காசு, இதுதான் பெரிய பஞ்சாயத்து. உங்க ஃப்ரெண்டு 18,800 கேக்கறான். நீங்க இன்னொரு பேப்பர்ல கணக்கு போட்டு அனுப்பிருந்தீங்க, ஜிபேல வந்தது 15,300, மீதி 3,500 "பிரியாணி கணக்குல கழிச்சது"ன்னு. அந்த வரியை படிச்சப்ப நல்லவேளை இந்த பையன் வக்கீலான எங்கிட்ட கட்சிக்காரனா வரலன்னு நினைச்சேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க, நீங்க பிரியாணில போட்டிருக்கீங்க. சீட்டு பிடிக்கற அக்காகூட நாப்பது பக்க நோட்டுல யார் எப்ப குடுத்தா, யாருக்கு எப்ப விழுந்துதுன்னு எழுதி வெச்சிருப்பாங்க.

சட்டப்படி பாத்தா, வாய்வார்த்தை ஒப்பந்தமும் இந்தியால ஒப்பந்தம்தான். பேப்பர்ல எழுதல, ஸ்டாம்ப் ஒட்டலன்னு தப்பிக்க முடியாது. ஜிபே ஹிஸ்டரி, வாட்ஸாப்ல "மச்சி சேல் போட்ருக்கான், உன் பாதி அனுப்பு"ன்னு இருக்கற மெசேஜ், எல்லாம் சாட்சிதான், 2024 ஜூலைல இருந்து நடப்புல இருக்கற புது சாட்சிய சட்டத்துல 63வது பிரிவுப்படி ஒரு சர்டிஃபிகேட் வெச்சு கோர்ட்ல தாக்கல் பண்ணலாம், முன்னாடி 65பின்னு சொல்வோமே அதுதான். அதனால "ப்ரூஃப் இல்லல்ல, போடா"ன்னு சொல்லிடாதீங்க.

ஆனா அவன் எதுக்கு காசு குடுத்தான்? ஆடறதுக்கு. ஆடுனானா? ஆடுனான், நாலு வருஷம் ஆடுனான். கடனா குடுத்திருந்தா திருப்பி கேக்கலாம், இது கடன் கிடையாது. ரெண்டு பேர் சேந்து ஷேர் ஆட்டோ பிடிச்சு போயிட்டு, சண்டை வந்ததும் மூணு வருஷத்து ஆட்டோ காசை திருப்பி குடுன்னு கேக்கற மாதிரி இருக்கு. பழைய கேமுக்கெல்லாம் அவனுக்கு நீங்க ஒரு ரூபா தர வேண்டியதில்ல, அவன் கேஸ் போட்டாலும் நிக்கறது கஷ்டம், மூணு வருஷத்துக்கு முன்னாடி குடுத்ததுக்கு லிமிட்டேஷனே தாண்டிருக்கும்.

ஆனா கடைசி ரெண்டு கேம் வேற. அது நீங்க ஃபுல் ரேட்ல 4,999க்கு ஒண்ணும் சேல்ல 2,600க்கு ஒண்ணும் வாங்கிருக்கீங்க, வாங்கி மூணு நாலு மாசம்தான் ஆகுது, பெரிய கேமை அவன் பாதிகூட முடிக்கலன்னு அந்த கணக்கு பேப்பர்ல நீங்களே எழுதிருக்கீங்க. இப்ப நீங்க கட் பண்ணா அவன் காசு குடுத்ததை ஆட விடாம பண்றது நீங்கதான். அதுல அவன் பாதி 2,500ம் 1,300ம், மொத்தம் 3,800, அதை திருப்பி குடுக்கறதுதான் நியாயம். அவன் வீட்டுல இருந்து போனது உங்க 4,800. சித்தி பையன் பண்ணான் நான் பண்ணலன்னு அவன் சொல்லலாம், ஆனா நம்பி குடுத்தது அவன் வீட்டுக்கு, லீவுக்கு வந்த பையன்கிட்ட ரிமோட்டை குடுத்துட்டு ஆஃபீஸ் போனவன் அவன்தான்.

கழிச்சு பாருங்க. 4,800ல 3,800 போனா 1,000. நாலு வருஷம் ஃப்ரெண்டுஷிப்பு, போலீஸ், கட் பண்றேன், அக்கவுண்ட்ட குடு, இவ்ளோ சத்தமும் ஆயிரம் ரூபாக்கு. அதுவும் அவன்தான் உங்களுக்கு தரணும்.

இன்னொண்ணு, நீங்க கட் பண்ணியே ஆகணும்னும் இல்ல. அவன் பெங்களூரு போனதால உங்க ஏற்பாடு உடைஞ்சு போச்சுன்னு ரெண்டு பேரும் நினைச்சுக்கிட்டிருக்கீங்க போல. கன்சோல் ஷேரிங்குக்கு ஊரு தெரியாது. உங்க அக்கவுண்ட்ல அந்த ஆப்ஷன் எந்த ஒரு பிஎஸ்5ல ஆன் ஆகியிருக்கோ அந்த மெஷின்ல யார் ப்ரொஃபைல்ல வேணா உங்க கேமை ஆடலாம், நெட்டு இல்லன்னாக்கூட ஓடும். நீங்க உங்க வீட்டு மெஷின்ல உங்க அக்கவுண்ட்ல லாகின் பண்ணி நெட்டோட ஆடுவீங்க. அவன் ஆதம்பாக்கத்துல இருந்தாலும் கோரமங்களால இருந்தாலும் ஒண்ணுதான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், சோனி இந்த வசதியை குடுத்தது உங்க வீட்டு கன்சோலை மனசுல வெச்சுதான், அத நீங்க ஃப்ரெண்டு வீட்டுல ஆன் பண்ணிருக்கீங்க, ஊர்ல பாதி பேர் அப்படித்தான் பண்றாங்கங்கறது வேற விஷயம், நாளைக்கு கம்பெனி ஏதாவது கேட்டா பதில் சொல்ல வேண்டியது நீங்க மட்டும்தான்.

உங்க விஷயத்துல தப்பு நடந்தது ஷேரிங்ல இல்ல, ப்ரொஃபைல்ல. என் பையன் கன்சோலை இந்த லெட்டருக்காகவே போய் ஆன் பண்ணி பாத்தேன். ஸ்க்ரீன்ல மூணு வட்டம் வருது, என் பையன், அவன் க்ளாஸ்மேட், எங்க வீட்டுக்காரர் பேருல ஒண்ணு. வீட்டுக்காரர் வட்டத்தை அமுக்குனேன், எதுவும் கேக்கல, நேரா உள்ள போயிடுச்சு, ஸ்டோரை திறந்தா வாலட்ல 1,200 ரூபா பளிச்சுனு தெரியுது. எட்டு செகண்டு ஆகியிருக்கும். உங்க ஃப்ரெண்டோட சித்தி பையனுக்கு நாலு செகண்டு ஆகியிருக்கும். அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல நடந்த விசாரணை தனிக்கதை.

அதனால இன்னிக்கே இதெல்லாம் பண்ணுங்க. முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை உங்க நம்பருக்கு போடுங்க. செட்டிங்ஸ்ல காசு சம்பந்தமான இடத்துல, வாங்கறப்பல்லாம் பாஸ்வேர்டு கேளுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணுங்க. அவன் கன்சோல்ல உங்க ப்ரொஃபைலுக்கு ஒரு நாலு இலக்க பாஸ்கோடு போடணும், அது அங்க இருந்துதான் போட முடியும், ஒரு வீக்கெண்டு நேர்ல போய் போடுங்க, இல்லன்னா வீடியோ கால்ல அவனை விட்டு போட சொல்லி நம்பிக்கைல விடுங்க, எப்படின்னாலும் அவன் அவனோட சொந்த ப்ரொஃபைல்லதான் ஆடணும், உங்க வட்டத்தை தொடவே வேண்டியதில்ல. வாலட்ல காசை முன்கூட்டியே ரொப்பி வெக்காதீங்க, கேம் வாங்கற அன்னிக்கு அந்த கேமுக்கு எவ்ளோவோ அவ்ளோ போடுங்க. கார்டு எதாவது சேவ் ஆகியிருந்தா எடுத்துடுங்க.

கட் பண்றதுன்னு முடிவு பண்ணா வெப்சைட்ல அக்கவுண்ட் மேனேஜ்மெண்ட்ல போய் டிவைஸ்களை டீஆக்டிவேட் பண்ணலாம், அவன் கன்சோல் உங்க கைல இருக்க வேண்டியதில்ல. ஆனா அந்த பட்டனை ஒரு தடவை அமுக்குனா அடுத்த ஆறு மாசத்துக்கு திரும்ப அமுக்க முடியாது. கோவத்துல ராத்திரி ஒரு மணிக்கு அமுக்கற பட்டன் இல்ல அது.

அவன் சொல்ற "ஆறு மாசம் உங்கிட்ட, ஆறு மாசம் எங்கிட்ட" மட்டும் வேண்டவே வேண்டாம். மெயில் உங்களுது, ஃபோன் நம்பர் உங்களுது, வாங்குன பில்லெல்லாம் உங்க பேருல. அவன் கைல இருக்கற ஆறு மாசத்துல பேன் ஆனா போறது உங்க 14 கேம், மெயிலை மாத்திட்டான்னா அக்கவுண்ட் உங்களுதுன்னு நீங்க நிரூபிச்சுக்கிட்டு இருக்கணும். தம்பு செட்டி தெருவுல என் சேம்பருக்கு போன வருஷம் ஒரு பையன் வந்தான், கைல ஸ்பைரல் பைண்டிங் போட்ட புக்கு, திறந்து பாத்தா அறுபது பக்கம் டெலிகிராம் சாட், பக்கத்துக்கு பக்கம் ப்ரோ ப்ரோ ப்ரோ. ஒரு க்ரூப்புல எவனோ ஒருத்தன்கிட்ட கேமோட அக்கவுண்ட்டை வாங்கிருக்கான், அதுல ப்ரைமரின்னா 2,200, செகண்டரின்னா 1,200ன்னு ரேட் கார்டே இருக்கு, அதாவது ஒரே அக்கவுண்ட்டை ஷேரிங் ஆன் பண்ணி ஒருத்தனுக்கும் லாகின் குடுத்து இன்னொருத்தனுக்கும் விக்கறது. இவன் வாங்கி ஒன்றரை மாசத்துல வித்தவன் பழைய மெயிலை வெச்சு அக்கவுண்ட்டை பிடுங்கிக்கிட்டு க்ரூப்பை விட்டே காணாம போயிட்டான். நான் அவனை சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு ஃபோன் பண்ண சொன்னேன், சைபர் க்ரைம் போர்ட்டல்ல போட வெச்சேன், ஆனா காசு போன அன்னிக்கே கூப்பிட்டிருக்கணும், ரெண்டு மாசம் கழிச்சு புக்கு பைண்டு பண்ணி எடுத்துக்கிட்டு வந்தா நான் என்ன பண்ண. அந்த மாதிரி க்ரூப் எதுலயாவது நீங்க இருந்தீங்கன்னா வெளிய வந்துடுங்க.

இனிமே எப்படி குடுக்கறதுன்னு கேட்டீங்க. பாஸ்வேர்டு குடுக்காம குடுக்கற வழி நிறைய வந்துடுச்சு, நமக்குத்தான் பழக்கம் விடல. சேந்து ஆடணும்னா சில கேம்ல ஃப்ரெண்ட்ஸ் பாஸ்னு ஒண்ணு இருக்கு, ஒருத்தர் வாங்குனா போதும், இன்னொருத்தர் ஃப்ரீயா இறக்கி கூட சேந்து முழு கேமும் ஆடலாம், இட் டேக்ஸ் டூ அப்படித்தான், 2025 மார்ச்சுல வந்த ஸ்ப்ளிட் ஃபிக்ஷனும் அப்படித்தான், அதுல நீங்க பிஎஸ்5லயும் அவன் பிசிலயும் இருந்தாக்கூட நடக்கும். நீங்க ஆடற கேமை அவன் கொஞ்ச நேரம் ஆடி பாக்கணும்னா ஷேர் ப்ளே இருக்கு, உங்க ஸ்க்ரீன் அவனுக்கு போகும், கன்ட்ரோலை அவன் கைல குடுக்கலாம், ஒரு தடவைக்கு 60 நிமிஷம், முடிஞ்சா திரும்ப ஆரம்பிச்சுக்கலாம், உங்களுக்கு ப்ளஸ் இருக்கணும், அவன்கிட்ட அந்த கேம் இருக்க வேண்டியதில்ல. ஒரு கேமை வாங்கலாமா வேண்டாமான்னு பாக்க இதுவே போதும், ஆனா உங்க ரெண்டு பேர் வீட்டு நெட்டும் நல்லா இருக்கணும்.

உங்க தங்கச்சி லேப்டாப்ல ஸ்டீம் இருக்குன்னு அந்த பேப்பர்லயே எழுதிருந்தீங்க. வீட்டுக்குள்ள ஷேர் பண்ண ஸ்டீம் ஃபேமிலீஸ் நல்ல ஏற்பாடு, 2024 செப்டம்பர்ல எல்லாருக்கும் வந்தது, ஆறு பேர் வரைக்கும். பழைய ஷேரிங்ல ஒருத்தர் ஆடுனா இன்னொருத்தர் உங்க லைப்ரரியையே தொட முடியாது, இப்ப வேற வேற கேமா இருந்தா ஒரே நேரத்துல ஆடலாம், ஒரே கேமைத்தான் ஒரு காப்பி வெச்சு ரெண்டு பேர் ஆட முடியாது. ஆனா அது ஒரே வீட்டுல இருக்கறவங்களுக்குன்னு தெளிவா சொல்லிருக்காங்க, ஃப்ரெண்டை உள்ள போட்டுட்டு அப்புறம் சண்டை போட்டு வெளிய அனுப்பலாம்னு நினைச்சா, காலியான அந்த இடத்துக்கு ஒரு வருஷம் வேற யாரையும் சேக்க முடியாது, வெளிய போனவரும் ஒரு வருஷம் வேற ஃபேமிலில சேர முடியாது. கல்யாண பத்திரிகைல பேர் போடற மாதிரி யோசிச்சு போடணும்.

கடன்னா நிஜமாவே கடன் மாதிரி பண்ணிருக்கறது நிண்டெண்டோ ஒண்ணுதான். 2025ல அவங்க கொண்டு வந்த வர்ச்சுவல் கேம் கார்டுல டிஜிட்டல் கேமை ஃபேமிலி க்ரூப்புல ஒருத்தருக்கு ரெண்டு வாரம் குடுக்கலாம், குடுத்தா உங்ககிட்ட அது ஓடாது, ரெண்டு வாரம் ஆனா தானா திரும்பி வந்துடும். எங்கண்ணன் கேசட்டுக்கு அப்படி ஒரு வசதி இருந்திருக்கலாம். நம்ம ஊர்ல அவங்களோட ஸ்விட்ச் கன்சோல் வெச்சிருக்கறவங்க கம்மி, அதனால அதோட விடறேன்.

அடுத்த கன்சோல் வாங்கறப்ப டிரைவ் வெச்சதா பாத்து வாங்குங்க. டிஸ்க்கா வாங்கி ஃப்ரெண்டுக்கு சும்மா குடுக்கறதுல எந்த சட்ட சிக்கலும் கிடையாது, ஆடி முடிச்சா ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் கொண்டு போய் விக்கலாம், எக்ஸ்சேஞ்சும் பண்ணலாம். காசு வாங்கி வாடகைக்கு விடறதுதான் வேற, கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை வியாபாரமா வாடகைக்கு விடற உரிமை காப்பிரைட் சட்டம் 14வது பிரிவுல உரிமைக்காரர்கிட்டதான் இருக்கு, தெருவுல பத்து பேருக்கு டிஸ்க் வாடகை ஆரம்பிக்கலாம்னு ஐடியா வந்தா எங்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

உங்க ஃப்ரெண்டுக்கு ஃபோன்ல பேசாதீங்க, ரெண்டு பேரும் சூடா இருக்கீங்க. இப்படி ஒரு மெசேஜ் போடுங்க, வார்த்தையை உங்க ஸ்டைலுக்கு மாத்திக்கங்க, கணக்கை மட்டும் மாத்தாதீங்க:

"மச்சி, கட் பண்றேன்னு சொன்னது கோவத்துல, சாரி. ஷேரிங் இருக்கட்டும்னா இருக்கட்டும், ஆனா உன் கன்சோல்ல என் ப்ரொஃபைலுக்கு பாஸ்கோடு போடணும், தம்பி எடுத்த 4,800ஐ நீ தரணும், ரெண்டு மாசமா பிரிச்சு குடுத்தாலும் ஓகே. வேண்டாம், முடிச்சுக்கலாம்னா கடைசி ரெண்டு கேம்ல உன் பாதி 3,800, அத கழிச்சு 1,000 நீ எனக்கு குடு, பழைய கேம் ரெண்டு பேரும் ஆடியாச்சு அதுக்கு கணக்கு வேண்டாம். எதுன்னு சொல்லு. எதுவா இருந்தாலும் பெரிய கேமை நீ முடிக்கற வரைக்கும் ஷேரிங்கை ஆஃப் பண்ண மாட்டேன்."

கடைசி வரி நான் வேணும்னேதான் சேத்திருக்கேன், பிடிக்கலன்னா எடுத்துடுங்க, ஆனா அது இருந்தா அவன் முதல் ஆப்ஷனுக்கு வருவான்னு எனக்கு தோணுது. கூடவே ஒரு ஷீட்டுல 14 கேமையும் தேதி, விலை, யார் எவ்ளோன்னு போட்டு அவனுக்கு ஷேர் பண்ணுங்க, பிரியாணியையும் சேத்து.

பிஎஸ் ப்ளஸ் 11ம் தேதின்னு எழுதிருக்கீங்க. ஆட்டோ ரின்யூவலை இன்னிக்கே ஆஃப் பண்ணி வைங்க, 11ம் தேதி வரைக்கும் எப்படியும் ஓடும், அதுக்குள்ள அவன் பதில் வந்துடும், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு போடலாமா ஒரு வருஷத்துக்கு போடலாமான்னு பாத்துக்கலாம்.